இரண்டு சிறைக்கு ஒரே பாடம்

ராயபுரம்,
5-2-1950

அன்புத் தங்கை வேம்புவுக்கு,

அண்ணன் எத்திராஜின் ஆசிகள். இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். நைனாவின் இருமல் எங்கள் எல்லோரையும்விடத் திடமாக இருக்கிறது. வேலூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, முழங்கால் வலி விட்டதா என்று அம்மா தினம் கேட்கிறாள். அவளுக்காகவாவது பதில் போடு.

தீபாவளிக்குப் பிறகு சிறைப் பள்ளிக்கூடத்துக்கு மாறி வந்தேன் அல்லவா? கார்ப்பரேஷன் பள்ளியில் பத்து வருஷம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவன், இதென்ன பெரிய காரியம் என்று மிதப்பாகத்தான் நுழைந்தேன். மூன்றே மாதத்தில் மிதப்பெல்லாம் இறங்கிவிட்டது. என் வகுப்பில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், கட்டுமரக்காரர்கள், மதுவிலக்கு வந்தபின் சாராயம் காய்ச்சி மாட்டிக்கொண்டவர்கள். துடுப்புப் பிடித்த கையால் சிலேட்டுக் குச்சியைப் பிடிக்கிறார்கள். படக்கென்று ஒடிகிறது. ஒடிந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு அன்றைக்கு முழுவதும் எழுதுவதில்லை.

அணில் பாடம் நடத்தினேன். திருவொற்றியூர்க் குப்பத்தைச் சேர்ந்த தேசப்பன் என்பவன் எழுந்து, "வாத்தியாரே, அணிலு ஓடுது. ஓடட்டும். அதனால எனுக்கு இன்னா ஆவப்போவுது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவன் கேட்டதில் என்ன தப்பு?

நீ மூன்று வருஷமாகப் பெண்கள் சிறையில் பாடம் நடத்துகிறாய். வயதில் சின்னவளானாலும் இந்தத் தொழிலில் நீ எனக்கு மூத்தவள். வளர்ந்தவர்களுக்கு எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய்? ஒளிக்காமல் எழுது.

உன் நலம் தெரிந்தால்தான் இங்கே அம்மாவுக்குச் சோறு இறங்கும்.

எத்திராஜ்

*

வேலூர்,
16-2-1950

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேம்பு வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் தேவலை. தண்ணீரும் ஒத்துக்கொண்டது. அம்மாவை நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள். நைனாவின் இருமலுக்கு ஆடாதொடை கஷாயம் கொடுத்தீர்களா?

நீங்கள் என்னிடம் பாடம் கேட்டு எழுதிய கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன். சின்ன வயதில் கணக்கு வரவில்லை என்று என் தலையில் குட்டியவர் நீங்கள்தானே?

சிலேட்டை எடுத்து வையுங்கள். நான் தரையில் தண்ணீர் தொட்டு விரலால் எழுதச் சொல்கிறேன். தப்பாக எழுதினால் கொஞ்ச நேரத்தில் தானே காய்ந்துபோகும். யாரும் பார்ப்பதற்குள் தப்பு போய்விடுகிறது. வளர்ந்தவர்களுக்கு எழுத்து கஷ்டமில்லை அண்ணா, அடுத்தவர் எதிரில் தப்பு செய்வதுதான் கஷ்டம்.

இதற்குமேல் எனக்கும் வழி தெரியவில்லை. எழுத்தெல்லாம் வந்துவிடுகிறது, வாசிப்பில் மனசு ஒட்டுவதில்லை. நம் கடற்கரைக்காரி ஒருத்தி, அங்கம்மா என்று பெயர். எண்ணூர்க் கழிமுகத்தில் சாராயம் காய்ச்சுகிற இடத்தில் பிடித்து ஒரு வருஷம் போட்டுவிட்டார்கள். எல்லோரையும் முந்திக்கொண்டு எழுத்தைப் பிடித்தவள், இப்போது புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறாள். காரணம் கேட்டேன். "எழுத்து கத்துகினு யாருக்கு டீச்சர் நான் கடுதாசி போடறது? எனுக்கு ஆரு கீறாங்க?" என்றாள். கோர்ட்டில் அவள் புருஷனே அவளைக் காட்டி, "இவ யாரோ, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டானாம். அந்த ஒரு வார்த்தையோடு குப்பத்தை மறந்துவிட்டேன் என்கிறாள். ஆகஸ்டில் விடுதலை. ராணிப்பேட்டைத் தோல் கிடங்கில் கூலி வேலைக்குப் போவதாக ஆபீசில் எழுதி வைத்திருக்கிறாள்.

கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை. கூட வாழ்ந்தவளை ஒருவன் அப்படிச் சொல்வானா?

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும்.

வேம்பு

*

ராயபுரம்,
2-3-1950

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். கஷாயத்தை நைனா ஜன்னல் வழியாக ஊற்றிவிடுகிறார் என்று கண்டுபிடித்திருக்கிறோம். நீ சுகமா?

தண்ணீர் வைத்தியம் பலித்துவிட்டது! தரை முழுக்க எழுத்து. வார்டர் அப்துல் வஹாப் வந்து பார்த்துவிட்டு, "இன்னா வாத்தியாரே, கிளாஸா, குளிக்கிற எடமா?" என்றார்.

இன்னொன்று நடந்தது. தேசப்பனிடம், "அணில் வேண்டாம். நீயே ஏதாவது சொல்லு, அதை எழுதித் தருகிறேன்" என்றேன். வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு ஆட்டைப் பற்றிச் சொன்னான். சொன்னபடியே பலகையில் எழுதினேன். அன்றைக்கே தட்டுத் தடுமாறி அதை அவன் வாசித்துவிட்டான்! அவனவன் வார்த்தையைக் கொடுத்தால் அவனவன் வாசிக்கிறான். இந்த எளிய விஷயம் எனக்குப் பத்து வருஷமாகத் தோன்றவில்லையே என்று என்மேலேயே கோபம் வருகிறது.

ஆனால் சொந்தக் கதை இரண்டே நாளில் புளித்துவிடுகிறது. அதனால் எனக்கு ஒரு யோசனை. என் வகுப்பு சொன்னதை உன் வகுப்பு வாசிக்கட்டும், உன் வகுப்பு சொன்னதை என் வகுப்பு வாசிக்கட்டும். பெயர், ஊர் எதுவும் கூடாது. ஜெயில் சூப்பிரண்டிடம் கேட்டேன். பாடத்தாள்தானே, வார்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பட்டும் என்றார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ரிக்கார்டில் தேசப்பன் கல்யாணமாகாதவன். ஆனால் வாயைத் திறந்தால் "நாங்க", "எங்க வூட்ல" என்றுதான் பேசுகிறான். ஒண்டிக்கட்டைக்கு இந்த "நாங்க" எங்கிருந்து வந்தது?

முதல் பாடத்தாள் இத்துடன்:

"எங்க ஆட்டுக்குப் பேரு ராஜாத்தி. அது கருவாடு துன்னும். சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். நாங்க பாத்திருக்கோம்."

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் இந்தத் தமிழைப் பார்த்தால் மயங்கி விழுவார். விழட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எத்திராஜ்

*

வேலூர்,
12-3-1950

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் ஆடு இங்கே ஏகமாகச் சிரிப்பை மூட்டிவிட்டது. கருவாடு தின்கிற ஆடு உண்டா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. அங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, முழுவதையும் தானே வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது வாசிப்புக்கு நல்ல பயிற்சி என்று தோன்றுகிறது. ஆகவே எங்கள் பாடத்தாளில் ஒரு கேள்வி:

"கருவாடு துன்ற ஆடு இப்ப யார்கிட்ட கீது? அத்த யாரு மேய்க்கறாங்க?"

ஆட்டைப் பற்றிச் சொன்னவரையே பதில் எழுதச் சொன்னால் பாடத்தில் தொடர்ச்சி இருக்கும். பாடத்துக்காகத்தான் சொல்கிறேன்.

அம்மாவிடம் நான் வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகச் சொல்லவும்.

வேம்பு

*

ராயபுரம்,
24-3-1950

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகத்தை நீ இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அம்மாவுக்கு அது போதவில்லை.

உங்கள் கேள்வியை வகுப்பில் வாசித்தேன். தேசப்பன், "இத்த யாரு கேட்டாங்க?" என்றான். பெயர் சொல்லக்கூடாது என்றேன். "பொம்பளங்க ஜெயிலா சார்?" என்றான். நான் பலகையைத் துடைக்கத் தொடங்கிவிட்டேன். மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். பதிலைச் சொல்லவில்லை, தானே எழுதுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். அவன் எழுதியதை அப்படியே அனுப்புகிறேன்:

"ஆடு எங்க அக்காகிட்ட கீது. அக்காவுக்கு ஆட்டுக்காரி மேல கோவம் இல்ல. ஆடு தெனம் வாசல்ல நின்னுகினு அவ எப்ப வருவான்னு பாக்குது."

ஒரு மனிதனுக்கு எழுதும் ஆசை இப்படித் திடீரென்று எங்கிருந்து வருகிறது? எனக்கு அதை அறிய ஆவலாக இருக்கிறது. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

அண்ணி ஊறுகாய் போட்டிருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

எத்திராஜ்

*

வேலூர்,
4-4-1950

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமே வேண்டுகிறேன். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. ஊறுகாயை அனுப்ப மறக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை.

எங்கள் பாடத்தாள்:

"கோர்ட்ல அத்தினி பேர் எதிர்ல ஆட்டுக்காரிய யாரோன்னு சொன்னானே, அவன் இப்ப எதுக்கு ஆட்டப் பத்திப் பேசறான்?"

இது ஒரு கதையின் ஆரம்பம். உங்கள் வகுப்பு இதை முடித்துக் கொடுக்கட்டும். சீக்கிரம் கொடுத்தால் நல்லது.

வேம்பு

*

ராயபுரம்,
14-5-1950

அன்புத் தங்கைக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் சுகம். நான்தான் கொஞ்சம் வாடியிருக்கிறேன்.

அப்துல் வஹாப் சாதாரண ஆளில்லை. இத்தனை நாள் பாடத்தாளில் மதில் ஏறும் திட்டம் இருக்கிறதா என்று தேடினார். ஆடுதான் இருந்தது, விட்டுவிட்டார். உன் கடைசித் தாளைப் பார்த்ததும், "வாத்தியாரே, வேலூர் பாடம் கேள்வி கேக்குது, நம்ம பாடம் பதில் சொல்லுது. பாடத்துக்கு வாய் மொளச்சிகிச்சா?" என்றார். கெட்ட மனிதரில்லை. ஆனால் அவருக்கும் வேலை இருக்கிறது, குழந்தை குட்டி இருக்கிறது. ஆபீசில் சொல்லிவிட்டார்.

சூப்பிரண்டு கூப்பிட்டார். உத்தரவில்லாமல் ஒரு சிறைக் கைதி இன்னொரு சிறைக் கைதிக்குச் சேதி அனுப்புவது குற்றம், அதற்கு வாத்தியாரே தபால்காரனாக இருந்தாரா என்று கேட்டார். பாடம், பாடம் என்று அலைந்தவன், அது சிறைச்சாலை என்பதையே மறந்துவிட்டேன். பாடத்தாள் நின்றுவிட்டது. தேசப்பன் எழுதிய பதில் ஆபீஸ் மேசைக்குள் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் உனக்கு எழுதமாட்டேன். இரண்டு சிறைக்கும் நடுவே இனி என் மூலமாக ஒரு சொல்லும் போகாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னை வேலையில் வைப்பதா என்று மேலே கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

உன்னைப் பற்றியும் கேட்டார். என் தங்கைக்கு இதில் எதுவும் தெரியாது என்றேன். தெரியாதுதானே?

தேசப்பன் வகுப்புக்கு வருகிறான். எழுதுவதில்லை. தண்ணீர் வைத்த தகரக் குவளையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எத்திராஜ்

*

வேலூர்,
22-5-1950

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் உடம்பும் மனசும் முதலில் தேறட்டும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் உங்கள்மேல் கோபம் வந்தது, என்மேல் அதைவிட அதிகமாக.

எனக்குத் தெரியும் அண்ணா. முதல் ஆட்டுத் தாளை அவள் இரண்டாம் தடவை வாசித்தபோதே தெரிந்துவிட்டது. "ராஜாத்தின்னு பேர் வெச்சதே நான்தான் டீச்சர்" என்று மெல்லச் சொன்னாள். உங்களுக்கு எழுதினால் நீங்களும் குற்றத்தில் பங்காளி ஆவீர்கள். தெரியாமல் இருந்தால் தப்பித்துக்கொள்வீர்கள் என்று நினைத்து மறைத்தேன். கடைசியில் மாட்டிக்கொண்டது நீங்கள்தான்.

இங்கே எங்கள் சூப்பிரண்டு அம்மாளிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "முறைப்படி கேட்டால் யார் தடுக்கப்போகிறார்கள்? சொந்தக்காரருக்குக் கடிதம் எழுத வழி இருக்கிறதே" என்றார். அங்கேதான் சிக்கல். சொந்தம் இல்லை என்று புருஷனே கோர்ட்டில் சொல்லியிருக்கிறான். இவள் உண்டு என்று சொன்னால் அவன் சொன்னது பொய்யாகும். அவனுக்குத் தண்டனையில் கழிவு கிடைப்பது நின்றுவிடுமோ, இவள்மேலும் புதிதாக ஏதாவது வருமோ, யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அதையெல்லாம் அவளிடம் விளக்கினேன்.

மறுநாள் வந்து, "யாரோன்னு சொன்னவன மூஞ்சிக்கு நேரா நிறுத்திக் கேக்கணும் டீச்சர். போவ முடியல. எழுதியாவது கேக்கறேன். காயிதம் குடு" என்றாள். எழுதித் தரவா என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். முதல் தடவையாகத் தண்ணீரை விட்டு மையைத் தொட்டாள். எழுதியது இதுதான்:

"நான் தேசப்பன் பெண்சாதி அங்கம்மா. அவர் கோர்ட்டில் இல்லை என்றார். நான் ஆமாம் என்கிறேன். அவருக்குக் கடுதாசி போட உத்தரவு வேண்டும்."

மனு இன்று ஆபீஸ் மூலமாக உங்கள் சிறைக்கு வருகிறது. இது என் வழியாகவோ உங்கள் வழியாகவோ போகவில்லை, ஆகவே நீங்கள் கொடுத்த வாக்குக்குப் பங்கமில்லை. அவன் மறுபடியும் இல்லை என்று சொன்னால் இவள் ராணிப்பேட்டைக்குத்தான் போவாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

வேம்பு

*

ராயபுரம்,
10-6-1950

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். உண்மையாகவே சுகம். நைனாகூட இரண்டு நாளாக இருமவில்லை.

மனு வந்த அன்று சூப்பிரண்டு தேசப்பனைக் கூப்பிட்டார். என்னையும் நிற்கச் சொன்னார். மனுவைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இவள் உன் மனைவியா?" என்று கேட்டார்.

தேசப்பன் தரையைப் பார்த்தபடி, "யாரோ சார். எனுக்குத் தெரியாது" என்றான்.

பாவி, மறுபடியும் அதையே சொன்னானே! சூப்பிரண்டு பேனாவை எடுத்துவிட்டார். மனுவின்மேல் எழுதிவிட்டால் முடிந்தது. நான் குறுக்கே பேசக்கூடாதுதான். இருந்தாலும், "ஐயா, இவனுக்கு வாசிக்கத் தெரியும். அவனே ஒரு தடவை வாசிக்கட்டுமே" என்றேன். கொடுத்தார்.

வாசித்தான். விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாக. முதலில் தன் பெயர் வந்தது. அப்புறம் "பெண்சாதி". அதற்குமேல் நகர வெகுநேரம் ஆயிற்று. முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இத்த அவளே எழுதினாளா வாத்தியாரே?" என்றான். அவளே எழுதியது என்றேன்.

உடனே பொங்கிவிட்டான். "சார், அன்னிக்கு அவ எனுக்குச் சோறு எடுத்துகினு வந்தா. அவ்ளோதான். போலீஸ் வந்தப்போ சாராயப் பானை அவ கைல இருந்துச்சு. யாரோ வழில போறவன்னு சொன்னா வுட்டுருவாங்கன்னு நெனச்சேன் சார். வுடல. அவ என்னப் பாத்த பார்வ கீதே, அத்தோட ஒரு வருசமாப் படுத்துக்கறேன். இப்பவும் நீங்க வாசிக்கறச்சே, அவளையும் என் கேஸ்ல இஸ்துவுடத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சிட்டேன். அவ எம் பொஞ்சாதி சார். நான் சொன்னதுதான் பொய்யி. இன்னா தண்டன வேணா எனுக்குக் குடுங்க, அவள வுட்ருங்க."

யார் வாசித்தாலும் நம்பாதவன், தானே வாசித்ததும் நம்பினான். நமக்கு இதைவிடப் பெரிய இன்ஸ்பெக்ஷன் எது, வேம்பு?

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதுக் கேஸ் ஒன்றும் இல்லை, பதிலை இவனே எழுதட்டும் என்று உத்தரவு போட்டார். ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து முற்பகல் முழுக்க எழுதினான். அப்துல் வஹாப் தன் சொந்தப் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார், மை தீர்ந்துவிடுமோ என்ற கவலையில். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது அதுவும் உங்கள் ஆபீசுக்கு வந்திருக்கும்.

என் வேலைக்கு ஆபத்தில்லை. பாடத்தாள் இனி இரண்டு ஆபீஸ் வழியாகவே போய்வரலாம். கூடவே, உன் தண்ணீர் எழுத்தையும் என் சொந்த வார்த்தைப் பாடத்தையும் மற்றச் சிறை வாத்தியார்களுக்காக நாம் இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். முதல் பாதி நீ, இரண்டாம் பாதி நான். சண்டை போடாமல் எழுதுவோம்.

ஒன்று பாக்கி. நீ ஆட்டைப் பற்றிக் கேட்டு எழுதினாயே, "பாடத்துக்காகத்தான்" என்று? சின்ன வயதிலிருந்து நீ பொய் சொல்லும்போதெல்லாம் காரணத்தையும் சேர்த்துச் சொல்வாய். ஆட்டுக்காரி யாரென்று எனக்கும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. உனக்குத் தெரிவித்தால் உனக்கு ஆபத்து என்று நான் மறைத்தேன். அசட்டு அண்ணனும் அசட்டுத் தங்கையும்!

அங்கம்மா என்ன சொன்னாள்? ராணிப்பேட்டையா? உடனே எழுது. இருப்புக்கொள்ளவில்லை.

எத்திராஜ்

*

வேலூர்,
24-6-1950

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், இந்த முறை அம்மாவுக்குப் போதுமான அளவு சுகமாக. மழை ஒன்று பெய்து ஊரே குளிர்ந்திருக்கிறது.

தேசப்பன் கடிதம் வந்தது. ஆபீசில் முத்திரை குத்தி என்னிடம் கொடுத்தார்கள். வகுப்பில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். வழக்கம்போல நான் பிரித்தேன். இங்கே யாருக்குக் கடிதம் வந்தாலும் மூன்று வருஷமாக நான்தான் வாசித்துச் சொல்வது. யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் கல்யாணம், எல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும். அந்தப் பழக்கத்தில் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

அங்கம்மா கையை நீட்டினாள். "குடு டீச்சர்."

கொடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். முதுகுதான் தெரிந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தரம் தோள் குலுங்கியது, அழுகையா என்று எழுந்தேன். கொஞ்சம் பொறுத்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

முடித்துவிட்டு எழுந்து நேராக ஆபீசுக்குப் போய், ராணிப்பேட்டை என்று எழுதியிருந்ததை அடித்துத் திருவொற்றியூர் என்று மாற்றச் சொன்னாள். மாற்றியதை வாங்கித் தானே வாசித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். அவன் வெளியே வர இன்னும் ஆறு மாதம் ஆகுமாம். அதுவரை நாத்தனார் வீட்டில் இருப்பாளாம். இதை மட்டும் சொன்னாள்.

எனக்கு அடக்க முடியவில்லை அண்ணா. அவ்வளவு பாடுபட்டிருக்கிறோமே, கொஞ்சமாவது தெரிய வேண்டாமா? வெட்கத்தை விட்டு, "அப்படி என்னதான் எழுதியிருக்கிறான், அங்கம்மா?" என்று கேட்டேன். மற்றவர்களும், "சொல்லுடி, சொல்லுடி" என்று பிடித்துக்கொண்டார்கள்.

கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "போ டீச்சர். அது எனுக்கு வந்த கடுதாசி" என்றாள்.

எல்லோருக்கும் என் அன்பு. கட்டுரையில் என் பாதியை எழுதத் தொடங்கிவிட்டேன்.

வேம்பு